பாலம் கட்ட வராத பங்குடைமை

அரச–தனியார் பங்குடைமை என்பது வீதி, பாலம், துறைமுகம், மின்நிலையம், குடிநீர்த் திட்டம் போன்ற பொது வசதி ஒன்றைத் தனியார் நிறுவனம் தானே பணம் திரட்டி அமைத்து, 20 அல்லது 30 ஆண்டுகள் நடத்தி, போட்ட முதலையும் இலாபத்தையும் அந்தக் காலத்துக்குள் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடாகும். அந்தப் பணம் வருவதற்கு இரண்டே வழிகள் உண்டு. பயன்படுத்துகிறவர்கள் கட்டணம் செலுத்த வேண்டும். அல்லது அரசு ஆண்டுதோறும் திறைசேரியிலிருந்து கொடுக்க வேண்டும். இரண்டும் மக்களின் பணமே.

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. அதன் பின், நாட்டின் உட்கட்டமைப்புக்கு இனி இந்த முறையே கதி என்ற கருத்து பொருளியலாளர்களிடமும் வர்த்தக சம்மேளனங்களிடமும் கட்சி வேறுபாடின்றி அரசியல்வாதிகளிடமும் வேரூன்றிவிட்டது. அதற்கு ஆதாரமாக நான்கு வாதங்கள் வைக்கப்படுகின்றன. அரசிடம் பணம் இல்லை, தனியாரிடம் இருக்கிறது. திட்டம் நட்டப்பட்டால் இழப்பு தனியாருக்கே. தனியார் நடத்தினால் வேலை திறமையாக நடக்கும். அரசு எட்டிப் பார்க்காத பின்தங்கிய பிரதேசங்களுக்கும் இதன் மூலமே அபிவிருத்தி போய்ச் சேரும். முதல் மூன்று வாதங்களும் மிகச் சில இடங்களில் மட்டுமே செல்லுபடியாகும். நான்காவது வாதம் உண்மைக்கு நேர்மாறானது. திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கும் ஈச்சிலம்பற்றிலிருந்து பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

ஆற்றைக் கடந்தது யாருடைய பணத்தில்?

ஈச்சிலம்பற்று இன்று வெருகல் பிரதேச செயலாளர் பிரிவாக நிர்வகிக்கப்படுகிறது. மகாவலியின் கிளையான வெருகல் ஆறு இங்கேதான் கடலில் சேர்கிறது. நெல்லும் மீனும் மாடும்தான் மக்களின் சீவனோபாயம். 2004 இன் ஆழிப்பேரலையும் 2006 இல் மீண்டும் மூண்ட போரும் இந்தக் கரையோரத்தைப் புரட்டிப் போட்டன.

திருகோணமலையிலிருந்து மூதூர், ஈச்சிலம்பற்று, வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 வீதியில் நெடுங்காலம் பாலங்களுக்குப் பதிலாகப் பாதைகளே இருந்தன. ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்து ஆட்கள் இழுக்க, வாகனங்களையும் சனங்களையும் ஏற்றிக்கொண்டு மெல்ல நகரும் மிதவை அது. நெல் மூடை ஏற்றிய உழவு இயந்திரம் தன் முறை வரும்வரை கரையில் காத்து நிற்கும். மாரியில் ஆறு பெருகினால் பாதை ஓடாது. பிரசவ வலி கண்ட பெண்ணும் பாம்பு தீண்டியவரும் அக்கரைக்குப் போக முடியாமல் நின்ற கரை அது.

அந்த நிலையை மாற்றிய எதுவும் பங்குடைமையில் வந்ததல்ல. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் சவூதி அரேபியாவின் நிதியில் கட்டப்பட்டு 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல், காயான்கேணி ஆகிய இடங்களின் பாலங்கள் பிரான்சின் உதவியோடு அமைந்தன. தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தக்காரர்களாக வேலை செய்து, கூலியை வாங்கிக்கொண்டு போயின. பாலங்கள் பொதுச் சொத்தாக நிற்கின்றன. அவற்றைக் கடப்பவர் யாரும் ஒரு சதமும் கட்டுவதில்லை.

வெருகல் பாலத்தைக் கட்டணம் அறவிடும் உரிமையோடு தனியாருக்குக் கொடுக்க முன்வந்திருந்தால் எந்த நிறுவனமும் அதை எடுத்திருக்காது. அந்த வழியில் போகும் உழவு இயந்திரங்களும் மோட்டார் சைக்கிள்களும் மீன் ஏற்றும் வான்களும் கட்டக்கூடிய காசில் கட்டுமானச் செலவின் வட்டியைக்கூட ஈடுசெய்ய முடியாது. வாகன நெரிசல் மிகுந்த கொழும்பு–காலிப் பாதையில் அமைந்த தெற்கு அதிவேக வீதியே ஜப்பானிடமும் ஆசிய அபிவிருத்தி வங்கியிடமும் அரசு வாங்கிய கடனில்தான் கட்டப்பட்டது. நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த நோயாளி, தவணை தவறாமல் பள்ளிக்கூடம் வந்த ஆசிரியர், சந்தையில் நல்ல விலைக்குப் போன நெல் ஆகியவற்றில்தான் வெருகல் பாலத்தின் பயன் இருக்கிறது. அந்தப் பயனைச் சுங்கச் சாவடியில் வசூலிக்க வழியில்லை. அதனாலேயே அது அரசின் கடமையாகிறது.

வெள்ளத் தடுப்பும் அப்படியே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் மாவிலாற்றின் அணைக்கட்டு உடைந்து, சேருவில, மூதூர், வெருகல் பகுதிகளின் ஊர்களும் வயல்களும் நீரில் மூழ்கின. அணைக்கட்டு உறுதியாக நிற்கும் ஆண்டுகளில் அதன் பயனுக்கு விலைச்சீட்டு எழுத யாராலும் முடியாது. எழுத முடியாத இடத்துக்குப் பங்குடைமை வருவதில்லை.

“அரசிடம் பணம் இல்லை”

பங்குடைமை அரசின் கடனைக் குறைக்கிறது என்பது கணக்கு எழுதும் முறையால் வரும் தோற்றம். கடைக்காரரிடம் ஒரு கொப்பியில் இருந்த கடனை வேறொரு கொப்பிக்கு மாற்றினால் கடன் குறைந்துவிடுவதில்லை. அரசு நேரே கடன் வாங்கிக் கட்டினால் அது பொதுக் கடனாகப் பதிவாகும். தனியார் கடன் வாங்கிக் கட்டி, அரசு 25 ஆண்டுகள் பணம் கொடுப்பதாக ஒப்பந்தம் செய்தால் அது பெரும்பாலும் பதிவாகாமல் போய்விடும். கொடுக்க வேண்டிய கடப்பாடு இரண்டிலும் ஒன்றுதான். இரண்டாவதில் நிறுவனத்தின் இலாபமும் சேர்கிறது.

இந்த முறையை 1992 இலிருந்து பெருமளவில் நடத்திப் பார்த்த நாடு பிரித்தானியா. அதன் தேசிய கணக்காய்வு அலுவலகம் 2018 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையின்படி 700க்கும் மேற்பட்ட திட்டங்களின் மூலதன மதிப்பு ஏறத்தாழ 60 பில்லியன் பவுண். 2040கள் வரை கொடுக்க வேண்டியிருந்த தொகை 199 பில்லியன் பவுண். அதில் பராமரிப்பும் சேவைகளும் அடங்கும் என்பது உண்மை. ஆயினும் பாடசாலைத் தொகுதி ஒன்றை ஆராய்ந்தபோது, அரசு நேரடியாகக் கடன் வாங்கிக் கட்டியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட இது ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல் என்றே அந்த அறிக்கை கண்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் பிரித்தானிய அரசு இந்த முறையில் புதிய ஒப்பந்தங்கள் செய்வதில்லை என்று அறிவித்தது.

கடன் நிறுத்தம் செய்த இலங்கைக்கு வேறு வழி இல்லையே என்று இதற்குப் பதில் சொல்லப்படுகிறது. கடன் நிறுத்தம் செய்த நாட்டில் முதலிடும் நிறுவனம் அந்த ஆபத்தையும் விலையில் ஏற்றியே கேட்கும். அதற்கு மேல் திறைசேரியின் உத்தரவாதத்தையும் கேட்கும். நாட்டின் நாணயக் கேட்டுக்கான செலவு இப்படி மின்பட்டியலில் போய் ஒளிந்துகொள்கிறது.

மன்னாரும் பூநகரியும் இதற்குச் சான்று. அங்கே 484 மெகாவாற் காற்றாலைகளை அமைக்க இந்தியாவின் அதானி நிறுவனத்துக்குப் போட்டி விலைமனு கோராமலே அனுமதி வழங்கப்பட்டது. ஓர் அலகுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட விலை 8.26 அமெரிக்க சதம். காலம் 20 ஆண்டுகள். விலையை மீளாய்வு செய்யப் புதிய அரசாங்கம் முற்பட்டதும் 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. மன்னாரிலேயே 50 மெகாவாற் காற்றாலைக்குப் போட்டி விலைமனு கோரப்பட்டபோது கிடைத்த விலை 4.65 சதம். திட்டங்களின் அளவும் காலமும் வேறு என்றாலும் இவ்வளவு பெரிய இடைவெளியை அவை மட்டுமே விளக்கிவிட முடியாது. அதே மன்னாரில் மின்சார சபை ஆசிய அபிவிருத்தி வங்கியின் நீண்டகாலக் கடனில் 103.5 மெகாவாற் ‘தம்பபவனி’ காற்றாலைகளைக் கட்டி 2020 டிசம்பரில் திறந்தது. அதன் 30 காற்றாடிகளும் பொதுச் சொத்து. கடன் கட்டி முடிந்த பின் அவை தரும் மின்சாரத்துக்கு யாருக்கும் இலாபம் கொடுக்க வேண்டியதில்லை.

“இழப்பு தனியாருக்கே”

இழப்பைத் தனியார் தாங்குவதாகச் சொல்லும் வாதத்துக்கு ஒப்பந்தங்களின் வாசகங்களே எதிர்ச்சாட்சி. 1990களிலிருந்து இலங்கையில் அமைந்த எண்ணெய் மின்நிலையங்களுக்கு இரண்டு வகைக் கட்டணங்கள் உண்டு. ஒன்று, பிறந்த மின்சாரத்துக்கான கட்டணம். எரிபொருள் விலை ஏறினால் அதுவும் ஏறும். மற்றது கொள்திறன் கட்டணம். நிலையம் ஓடத் தயாராக இருந்தால் போதும், ஓடாவிட்டாலும் கொடுக்க வேண்டும். கேள்வி குறைந்தால் இழப்பு மின்சார சபைக்கு. எரிபொருள் ஏறினாலும் மின்சார சபைக்கு. ரூபாயின் பெறுமதி விழுந்தால், டொலரில் நிர்ணயித்த விலைகளின் பாரமும் அதற்கே. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. உயர்வுக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அந்த ஆபத்தில் எந்தப் பங்கையும் முதலீட்டாளரின் தோளில் காணவில்லை. பட்டியலைக் கட்டிய குடும்பங்களே முழுவதையும் சுமந்தன.

டில்லி விமான நிலைய மெற்றோ பாதையின் கதை இன்னும் வெளிப்படையானது. ரிலையன்ஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் தலைமையிலான நிறுவனம் அதை 30 ஆண்டுகள் நடத்த எடுத்துக்கொண்டது. 2011 பெப்ரவரியில் பாதை திறக்கப்பட்டது. கட்டுமானக் குறைபாடுகளால் 2012 ஜூலையில் மூடப்பட்டது. 2013 ஜூலையில் நிறுவனம் வெளியேறிவிட, அரசின் டில்லி மெற்றோ கழகம் பொறுப்பேற்று இன்றுவரை நடத்துகிறது. நட்டஈடு கேட்டு நடுவர் மன்றம் போன நிறுவனத்துக்கு 2017 இல் சாதகமான தீர்ப்புக் கிடைத்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில்தான் அதை இரத்துச் செய்தது. இரயிலை ஓட்ட வேண்டிய கடமை ஒரு நாளும் தனியாருக்குக் கைமாறவில்லை. மக்களுக்குத் தேவையான சேவையை அரசால் கைவிட முடியாது என்பதை ஒப்பந்தத்தின் மறுதரப்பு நன்கு அறியும். அதன் பேரம்பேசும் பலம் அந்த அறிவில் இருக்கிறது.

உலக வங்கிக்காக ஹோசே லூயிஸ் குவாஷ் 2004 இல் வெளியிட்ட ஆய்வு, இலத்தீன் அமெரிக்காவின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சலுகை ஒப்பந்தங்களைப் பார்த்தது. போக்குவரத்து ஒப்பந்தங்களில் 55 சதவீதமும் நீர் வழங்கல் ஒப்பந்தங்களில் 74 சதவீதமும் பின்னர் திருத்தி எழுதப்பட்டிருந்தன. சராசரியாக இரண்டு ஆண்டுகள் சற்றுக் கடந்ததுமே திருத்தம் வந்துவிட்டது. குறைந்த விலை சொல்லி எடுப்பதும், எடுத்த பின் போட்டியாளர் இல்லாத மேசையில் நிபந்தனைகளை மாற்றுவதும் வழமையாகிவிட்ட இடத்தில் ‘இழப்பு தனியாருக்கே’ என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை.

“தனியார் என்றால் திறமை”

கொழும்புத் துறைமுகம் இந்த வாதத்துக்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்று. 1999 இல் தொடங்கிய தெற்காசிய நுழைவாயில் முனையமும், சீன மேர்ச்சன்ட்ஸ் நிறுவனம் 85 சதவீதமும் துறைமுக அதிகார சபை 15 சதவீதமும் வைத்திருக்கும் சர்வதேச கொள்கலன் முனையமும் நன்றாக நடக்கின்றன என்பதை மறுக்க வேண்டியதில்லை. அவை ஏன் நன்றாக நடக்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர்கள் டொலரில் செலுத்தும் வெளிநாட்டுக் கப்பல் கம்பனிகள். ஒரு முனையம் தாமதித்தால் பக்கத்து முனையத்துக்கோ வேறு நாட்டுக்கோ போய்விடுவார்கள். அதிகார சபைக்குச் சொந்த முனையமும் உண்டு. மணிக்கு எத்தனை கொள்கலன் இறங்கியது என்று வேலையை எண்ணிப் பார்க்கலாம்.

போட்டி, அளவிடக்கூடிய வேலை, விலகிப்போகக்கூடிய வாடிக்கையாளர் ஆகிய மூன்றும் சேர்ந்து அங்கே திறமையைத் தருகின்றன. ஈச்சிலம்பற்றுக்கு ஒரே வீதி, ஒரே நீர்க்குழாய், ஒரே மின்கம்பி. அங்கே தனியார் ஏகபோகம் வந்தால் திறமைக்கு வற்புறுத்த எதுவும் இருக்காது. ஐரோப்பியக் கணக்காய்வு நீதிமன்றம் 2018 இல் பிரான்ஸ், கிரேக்கம், அயர்லாந்து, ஸ்பெயின் ஆகிய நாடுகளின் 12 பங்குடைமைத் திட்டங்களை ஆராய்ந்து, தாமதங்களையும் செலவு உயர்வையும் பதிவுசெய்தது. 1.5 பில்லியன் யூரோ பயனற்ற முறையில் செலவானதாக அது கணக்கிட்டது. தனியாரின் பொறியியல் திறமை வேண்டுமென்றால் திறந்த விலைமனு மூலம் ஒப்பந்தக்காரராக அமர்த்தி அதைப் பெறலாம். அதற்காக 30 ஆண்டு வருமானத்தை எழுதிக்கொடுக்கத் தேவையில்லை.

சம்பூர் சொல்வது

ஈச்சிலம்பற்றுக்கு வடக்கே, கொட்டியாரக் குடாவின் கரையில் இருக்கும் சம்பூரில் பெரிய திட்டங்கள் வந்திறங்கிய வரிசை இது. 2006 ஏப்ரலிலும் ஓகஸ்டிலும் எறிகணைகளுக்கும் குண்டுவீச்சுக்கும் மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். செப்டெம்பரில் இராணுவம் ஊரைப் பிடித்தது. டிசம்பரில் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகத்தோடு 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையத்துக்கு உடன்பாடு கையெழுத்தானது. 2007 மே மாதத்தில் அப்பகுதி உயர்பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2011 இல் மின்சார சபையும் இந்தியக் கழகமும் சரிபாதிப் பங்குடன் கூட்டுக் கம்பனி அமைத்தன. 2012 இல் 818 ஏக்கர் காணி முதலீட்டுச் சபையின் கைத்தொழில் வலயமாக்கப்பட்டு, ஸ்ரீலங்கா கேட்வே இண்டஸ்ரீஸ் என்ற தனியார் நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. 2013 ஒக்டோபரில் நிலக்கரி மின்நிலையத்தின் மின் கொள்வனவு ஒப்பந்தம் கையெழுத்தானது.

இவ்வளவும் நடந்தபோது சம்பூர் மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் தகரக் கொட்டில்களுக்குள் இருந்தார்கள். சிலரிடம் காணி உறுதி இருந்தது. சிலர் அதைப் போரில் தொலைத்திருந்தார்கள். எந்த ஒப்பந்த மேசையிலும் அவர்களுக்கு இருக்கை இருக்கவில்லை. 2015 இல் அரசாங்கம் மாறிய பின்னரே கைத்தொழில் வலய அறிவித்தல் இரத்தாகி, காணிகள் திரும்பக் கையளிக்கப்பட்டன. 2016 செப்டெம்பரில், சுற்றாடல் அமைப்பு தொடுத்த வழக்கில், நிலக்கரித் திட்டத்தைக் கைவிடுவதாக அரசு உச்ச நீதிமன்றத்துக்குத் தெரிவித்தது. பத்து ஆண்டுகளில் ஓர் அலகு மின்சாரம் பிறக்கவில்லை. ஊர் மட்டும் ஒன்பது ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தது. அந்த ஒன்பது ஆண்டு விளைச்சலும் மீன்பிடியும் பிள்ளைகளின் படிப்பும் எந்தத் திட்டச் செலவுக் கணக்கிலும் சேரவில்லை.

அனல்மின் கழகமும் மின்சார சபையும் அரச நிறுவனங்கள்தானே, இது எப்படித் தனியார் பங்குடைமை ஆகும் என்று கேட்கலாம். உரிமை யாருடையது என்பதில் வேறுபாடு இருக்கிறது. ஏற்பாட்டின் உடலில் இல்லை. தனிக் கம்பனி, மின் கொள்வனவு ஒப்பந்தம், காணிக் குத்தகை, முதலீட்டுச் சபைச் சலுகை என எல்லாம் தனியார் மின்நிலையங்களின் வார்ப்பிலேயே அமைந்தன. 818 ஏக்கர் ஒதுக்கீடோ முற்றிலும் தனியாருக்கானது. இரண்டுக்கும் அரசு கொண்டுவந்த பங்கு ஒன்றே: மக்களின் காணி.

அதே கூட்டுக் கம்பனி இப்போது சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்நிலையம் அமைக்கிறது. 2025 ஏப்ரலில் வேலை தொடக்கிவைக்கப்பட்டது. நிலக்கரியைவிட இது எவ்வளவோ நல்லது. ஆனால் பிறக்கும் மின்சாரம் தேசிய வலையமைப்புக்குப் போகும். வருமானம் கம்பனிக்குப் போகும். பிரதேச சபை ஒப்பந்தத்தில் தரப்பாகவே இல்லை. திருகோணமலைத் துறைமுகத்தின் மறுகரையில், முத்துநகரில், தாங்கள் செய்துவந்த வயல்கள் சூரிய மின் திட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டதை எதிர்த்து விவசாயிகள் 2025 இல் வீதியில் இறங்கினார்கள். தூய மின்சாரம் என்றாலும் காணியை எடுக்கும் முறை மாறவில்லை.

பின்தங்கிய பிரதேசத்துக்கு அபிவிருத்தி வரும் என்ற நான்காவது வாதம் இங்கே உடைகிறது. வறிய பிரதேசத்தில் முதலீட்டாளர் தேடுவது வாடிக்கையாளரை அல்ல. மலிவான காணி, ஆழமான கடல், வெயில், காற்று, எதிர்க்குரல் குறைந்த சனம் ஆகியவையே அவர்களை இழுக்கின்றன. ஊரிடம் இருப்பது வெளியே போகிறது. ஊருக்கு இல்லாதது இல்லாமலே இருக்கிறது.

அரசும் வீணாக்கவில்லையா?

அம்பாந்தோட்டைத் துறைமுகமும் மத்தள விமான நிலையமும் அரசு கடன் வாங்கிக் கட்டி வீணானவை என்பதைக் காட்டி, பொது முதலீட்டையே தவறென்று சொல்வோர் உண்டு. அங்கே பிழைத்தது தெரிவு. தேவையை ஆராயாமல், திறந்த போட்டி இல்லாமல், அரசியல் விருப்பத்தில் எடுத்த முடிவுகள் அவை. பங்குடைமை அந்த நோய்க்கு மருந்தல்ல. மன்னார்க் காற்றாலை அனுமதியிலும் சம்பூரின் 818 ஏக்கரிலும் அதே நோய்தான் இருந்தது. 2017 இல் அம்பாந்தோட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு 1.12 பில்லியன் டொலருக்குக் கொடுக்கப்பட்ட பிறகும், துறைமுகம் கட்ட வாங்கிய கடன் அரசின் தலையிலேயே இருந்தது. குத்தகைப் பணம் வந்தது, கடன் போகவில்லை, துறைமுகமும் கையில் இல்லை.

செய்ய வேண்டியது

வருமானம் தராத, ஆனால் உயிருக்கும் தொழிலுக்கும் அவசியமான வசதிகளை அரசு தன் பணத்திலும் நீண்டகால, குறைந்த வட்டிக் கடனிலும் கட்ட வேண்டும். ஈச்சிலம்பற்றில் ஆற்றணைகள், உள்ளூர் வீதிகள், குடிநீர், ஆஸ்பத்திரி ஆகியன இந்த வகையின. கட்டுமானத்துக்குத் திறந்த விலைமனு கோரப்பட வேண்டும். நடத்தும் பொறுப்பு பொது நிறுவனங்களிடம் இருக்க வேண்டும்.

துறைமுக முனையம், மின்நிலையம் போன்று போட்டியும் வருமானமும் உள்ள துறைகளில் தனியாரோடு சேரலாம். அதற்கு நிபந்தனைகள் உண்டு. விலைமனு இல்லாமல் எந்த ஒப்பந்தமும் செய்யக் கூடாது. ஒப்பந்தம் முழுவதும் மூன்று மொழிகளிலும் வெளியிடப்பட்டுப் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட வேண்டும். அரசு எதிர்காலத்தில் கொடுக்க வேண்டிய தொகையும் திறைசேரி உத்தரவாதமும் பொதுக் கடனோடு சேர்த்து வரவுசெலவுத் திட்டத்தில் காட்டப்பட வேண்டும். திருத்தம் செய்தால் அதுவும் பகிரங்கமாக வேண்டும். கணக்காய்வாளர் நாயகம் திட்டக் கம்பனியின் கணக்குகளைத் திறந்து பார்க்கச் சட்டம் இடமளிக்க வேண்டும்.

காணி விடயத்தில் இவற்றைவிடக் கண்டிப்பு வேண்டும். இடம்பெயர்ந்த மக்களின் காணி, அவர்கள் திரும்பி வந்து தம் விருப்பத்தைச் சொல்லும்வரை எந்தத் திட்டத்துக்கும் ஒதுக்கப்படக் கூடாது. சூரிய மின்நிலையத்துக்குக் காணி தேவைப்பட்டால் சுவீகரிக்காமல் உரிமையாளரிடம் வாடகைக்கு எடுக்க வேண்டும். 25 ஆண்டு மின் விற்பனையில் ஆண்டு வாடகை பெரிய செலவல்ல. விற்பனை வருமானத்தில் ஒரு பங்கு பிரதேச சபைக்குச் சட்டப்படி சேர வேண்டும். இந்த நிபந்தனைகளோடு வர மறுக்கும் முதலீடு, ஊரின் சொத்தை மலிவாக எடுக்க வந்த முதலீடு. அதை இழப்பதால் ஈச்சிலம்பற்றுக்கு நட்டம் இல்லை.